ஒரு சுழி

காந்தி ரோட்டில் லாட்ஜ் பையன்கள்கூட வங்காளம் பேசுவார்கள்.
எனக்கு ஏழு சொல்.
பாத் சோறு, மாச் மீன்,
கொத்தோ என்றால் எவ்வளவு,
ஜால் காரம், ஜோல் குழம்பு.
மீதி இரண்டும் வசவு.
இதை வைத்து எட்டு வருஷம்
ஒன்பது மேசைக்குப் பரிமாறியிருக்கிறேன்.
தண்ணீருக்குச் சொல் தேவைப்பட்டதில்லை,
ஜக் எப்போதும் மேசையில் இருக்கும்.
அன்று கேன்காரன் வரவில்லை.

கலீமுல்லா பாய் புதிதாகப் போட்ட அயிட்டம்
'நெருப்புக் கோழி'.
முதல் வாரம் ஒரு வாத்தியார் கேட்டார்:
இது ஆப்பிரிக்காவில் ஓடுமே, அதுவா?
அஸ்ஸாமிலிருந்து பார்சலில் வந்த மிளகாய்.
மாஸ்டர் கையுறை போட்டுத்தான் காம்பு கிள்ளுவார்.

நிரஞ்சன் மண்டல், ஊர் மால்டா பக்கம்.
மனைவிக்கு இதயத்தில் வால்வு.
பதினோரு ராத்திரி ஆஸ்பத்திரி வராண்டாவில்
பாஸைக் கழுத்தில் மாட்டியபடி தூங்கியவர்.
பிழைத்துக்கொண்டாள் என்று
அன்று காலைதான் சொன்னார்களாம்.
கோழி சாப்பிடலாம் என்று வந்திருக்கிறார்.
படத்தின்மேல் விரல் வைத்தார்.
கொண்டுவந்து வைத்தேன்.

மூன்றாவது வாய்க்கு முகம் மாறியது.
ஜொல், என்றார்.
குழம்பு ஊற்றினேன்.
ஜொல், ஜொல். தட்டைத் தள்ளினார்.
இன்னும் ஒரு கரண்டி ஊற்றினேன்.
கிச்சன் ஜன்னலில் மாஸ்டர் சிரித்தார்,
நானும் சிரித்தேன்.
இதை மட்டும் யாரும் இதுவரை கேட்கவில்லை.

வாந்தியில் ரத்தம்.
கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரி, தூக்கிக்கொண்டு ஓடினோம்.
அந்தம்மா மூன்றாம் மாடி, இவர் ஐந்தாம் மாடி.
கழுத்துப் பாஸைக் கழற்றிவிட்டு
மணிக்கட்டில் பட்டி கட்டினார்கள்.

சத்துவாச்சாரி, நுகர்வோர் ஆணையம்.
எங்கள் வக்கீல் எத்திராஜுலு எழுந்தார்:
"லட்டு இனித்தால் அது குறைபாடா?
பெயரிலேயே நெருப்பு இருக்கிறது.
சுவரில் போர்டு இருக்கிறது,
'காரத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல'.
தவிர, மனுதாரரே கேட்டுக் கேட்டு வாங்கினார்.
சாட்சி தனகோட்டி, தகப்பனார் முனிரத்தினம், ஒடுகத்தூர்."
பாய் சொல்லிக்கொடுத்தபடி சொன்னேன்:
ஜோல் கேட்டார் ஐயா. குழம்பு.
பொய்யும் இல்லை.
என் காதில் விழுந்தது அதுதான்.

உறுப்பினர் அம்மா கண்ணாடியை இறக்கிக்கொண்டு
என்னைப் பார்த்தார்.
வாசலில் இருக்கும் போர்டு என்ன மொழி?
வங்காளம் அம்மா.
உள்ளே, பொறுப்பல்ல என்கிற போர்டு?
தமிழ்.
எழுதிக்கொண்டார்.
சமையல்காரர் கையுறை என்ன விலை என்றார்.
எத்திராஜுலு ஆட்சேபம் என்றார்.

அப்போது இருமல்.
மண்டலுக்கு இன்னும் தொண்டை ஆறவில்லை.
வாசலில் நின்ற டவாலியைப் பார்த்து,
மெதுவாக, கூச்சத்தோடு
ஜொல், என்றார்.
டவாலிக்கு ஊர் பள்ளிகொண்டா,
வங்காளத்தில் ஒரு எழுத்து தெரியாது.
முகத்தைப் பார்த்தார்,
தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

கையெழுத்துக்கு முன்னால்
டைப்பிஸ்ட் வாசித்துக் காட்டினார்:
'மனுதாரர் ஜோல், அதாவது குழம்பு, கேட்டார்.'
அதில் ஒரு சுழி அதிகம் அம்மா, என்றேன்.
எதில்?
கொம்பில். இரட்டை வராது, ஒற்றை.
எத்திராஜுலு என் சட்டையைப் பின்னால் இழுத்தார்.
ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.
சொன்னேன். சிரித்ததையும் சொன்னேன்.

நீலப் பேனாவால் அந்த அம்மா
மேல்சுழியை அடித்தார்,
குழம்பை அடித்து மேலே 'தண்ணீர்' என்று எழுதினார்.
திருத்தத்தின் பக்கத்தில்
சின்னதாக 'தன' என்று போட்டேன்.

காலையில் பாய் ஸ்கூட்டரில்
பின்னால் உட்கார்ந்து வந்தேன்.
திரும்பும்போது ஷேர் ஆட்டோ.
பதினைந்து ரூபாய்.